ஊட்டுப்புரைச் சோறும் உரிமைத் தொகையும்

சென்ற ஆடி மாதத்து மாலைப்பொழுது ஒன்றில், நம் குடியிருப்பைச் சேர்ந்த மூதாட்டியார் ஒருவருடன் உரையாடிக்கொண்டிருந்தேன். எண்பது வயதைக் கடந்தவர். அவருடைய கணவர் சாலைக் கடைத்தெருவில் கணக்கெழுதி வாழ்ந்து மறைந்தவர். ஓய்வூதியம் பெறும் பணியில் அவர் இருந்ததில்லை. மகனின் வருவாயோ கைக்கும் வாய்க்குமே போதாதது. ஆதலின், கேரள அரசு கைம்பெண்களுக்கு வழங்கும் ஓய்வூதியத்திற்கு விண்ணப்பம் செய்யலாமே என்று மெல்லக் கூறினேன். “தருமப் பணத்திற்குக் கை நீட்டுகிற குடும்பமா எங்கள் குடும்பம்? வேண்டாம் அப்பா” என்று கூறிவிட்டார்.

சிறிது நேரம் சென்றது. பேச்சு பழங்கதைக்குத் திரும்பியது. தம் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கால்நடையாகத் திருவனந்தபுரம் வந்த வரலாற்றை அவர் சொல்லத் தொடங்கினார். வழியில் பல இடங்களில் மன்னருடைய ஊட்டுப்புரைகளிற் பசியாறி, இந்நகருக்கு வந்த பின்னரும் வேலை கிடைக்கும்வரை அரசு அளித்த ஊட்டையே உண்டு வாழ்ந்தாராம். “பொன்னு தம்புரானுடைய ஊட்டு” என்று சொன்னபோது அம்முதியவரின் முகத்தில் ஒரு பெருமிதம் படர்ந்ததைக் கண்டேன்.

வீடு திரும்பிய பின்னரும் அந்த உரையாடல் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. அரசு அளித்த சோறு பாட்டனாருக்குப் பெருமையாயிற்று; அரசு அளிக்கும் பணம் பேத்திக்கு இழிவாயிற்று. இரண்டும் குடிமக்கள் செலுத்திய வரியிலிருந்து வந்தவையே. பின்னர் வேறுபாடு எங்கே உள்ளது? இவ்வினாவிற்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை. அரசு தரும் நன்மைக்கு இடப்படும் பெயரே, அதைப் பெறுவோரை ஊரார் எந்தக் கண்ணால் நோக்குவர் என்பதைப் பெரிதும் முடிவு செய்கிறது என்பதும், அப்பெயரை இடும் ஆற்றல் பெரும்பாலும் ஆள்வோர் கையிலும் மேடைப் பேச்சாளர் நாவிலும் இருந்து வந்துள்ளது என்பதும் நான் கண்ட விடைகள். நாம் வாழும் இந்நகரின் வரலாறே அதற்குச் சான்று பகர்கின்றது.

சாலையும் ஊட்டுப்புரையும்

தென்திருவிதாங்கூர் மண்ணில் உணவளிக்கும் அறம் மிகப் பழமையானது. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள பார்த்திவபுரத்தில், கி.பி. 9ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் ஒரு சாலையை நிறுவினான். அச்செய்தியைக் கூறும் செப்பேடுகள் ‘உஜூர் கச்சேரிச் செப்பேடுகள்’ என்று வரலாற்றாசிரியர்களால் வழங்கப்பெறுகின்றன. காந்தளூர்ச் சாலையின் முறையைத் தழுவி அமைந்த அச்சாலையில் 95 சட்டர்கள், அஃதாவது வேதம் பயிலும் மாணவர்கள், தங்கி உண்டு கற்பதற்கு ஏற்பாடு இருந்தது. அவர்கள் உண்டது கொடையே ஆயினும், அது கல்விக்கு வைத்த நிவந்தமாகவே கருதப்பட்டது. உண்டவரை இரவலர் என்று அந்நாளில் எவரும் எண்ணியிருக்கமாட்டார்.

பின்னாளில் மார்த்தாண்ட வர்மர் 1750ஆம் ஆண்டில் தம் நாட்டைப் பத்மநாபசுவாமியின் திருவடிகளிற் படைத்து, பத்மநாப தாசர் என்னும் பெயருடன் ஆளத் தொடங்கினார். அவருக்குப் பின் வந்த கார்த்திகைத் திருநாள் இராமவர்மர் ‘தர்மராஜா’ என்று போற்றப்பட்டார். அரசின் செலவில் பிராமணர்களுக்கு உணவளிக்கும் ஊட்டுப்புரைகள் நாட்டின் பல பகுதிகளில் நடைபெற்றன. ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை 56 நாட்கள் நிகழும் முறைஜபத்திற்கு வேதியர் திரளாக வந்து, உண்டு, பரிசும் பெற்றுச் சென்றனர். தமிழகத்திலிருந்து இங்குக் குடியேறிய குடும்பங்களுட் பலவற்றின் முன்னோர் இந்த ஊட்டின் நிழலில் தங்கியே இந்நகரில் வேரூன்றினர்.

‘ஊட்டு’ என்னும் சொல்லைச் சற்றே எண்ணிப் பாருங்கள். தாய் மகவுக்குச் செய்வது ஊட்டுதல். அச்சொல்லில் கொடுப்பவரின் அன்பு புலப்படுகிறதேயன்றிப் பெறுபவரின் வறுமை புலப்படுவதில்லை. ஊட்டுப்புரையில் அமர்ந்தவர் ஏழையா செல்வரா என்று எவரும் வினவியதில்லை. பிறப்பே தகுதியாக இருந்தது. உண்டவர் நன்றி கூற வேண்டியிருந்ததும் இல்லை. அவர் உண்பதனால் அரசுக்குப் புண்ணியம் சேர்கிறது என்பதே நம்பிக்கை. ஆகவே கடப்பாடு கொடுத்தவரைச் சார்ந்ததாயிற்று; பெற்றவர் தலை நிமிர்ந்தே நின்றார்.

இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சாமுவேல் மட்டீர் என்னும் பாதிரியார் 1871ஆம் ஆண்டில் திருவிதாங்கூரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். ‘தரும பூமி’ என்னும் பொருள்படவே அந்நூலுக்குப் பெயரிட்டார். அத்தருமம் பெரும்பாலும் ஒரு சாதியாரின் இலையிலேயே விழுகின்றது என்பதை அவர் எடுத்துக் காட்டத் தவறவில்லை. வயலில் இறங்கி நாற்று நட்டவர்களும் கதிர் அறுத்தவர்களும் ஊட்டுப்புரையின் வாயிலை அணுகவும் இயலாதவர்களாக இருந்தனர். அவர்களுடைய உழைப்பில் விளைந்த நெல்லே உள்ளே சோறாயிற்று. அச்சோற்றுக்கு இட்ட ‘தருமம்’ என்னும் பெயரில் அவர்களுடைய பங்கு மறைந்து போயிற்று.

இதே நாட்டில் வேறொரு விதமான மொழியும் எழுந்தது. 1817ஆம் ஆண்டில் இராணி கௌரி பார்வதி பாய் அவர்கள் கல்வி பற்றி ஒரு கட்டளை பிறப்பித்தார். மக்களின் கல்விச் செலவு முழுவதையும் அரசே ஏற்க வேண்டும். அறிவு பரவுவதில் குறை நேரலாகாது. அதனால் அவர்கள் நற்குடிகளாகவும் நல்ல ஊழியர்களாகவும் விளங்குவர். நாட்டின் புகழும் ஓங்கும் என்பது அதன் கருத்து. கல்வியைப் பெறுபவருக்கு அளிக்கும் பிச்சையாகவோ கொடுப்பவருக்குப் புண்ணியமாகவோ அக்கட்டளை பேசவில்லை. நாட்டிற்கு வரும் ஊதியமாகப் பேசிற்று. அக்கல்வி எல்லாச் சாதியாருக்கும் எட்டுவதற்கு நெடுங்காலமும் பெரும் போராட்டமும் தேவைப்பட்டன என்பது உண்மையே. ஆயினும் பள்ளிக்குச் செல்லும் பிள்ளையை ‘இலவசம் பெறுபவன்’ என்று இந்நாட்டில் எவரும் ஏசாமைக்கு, அவ்வாறு தொடங்கிய மொழியும் ஒரு காரணம் எனலாம்.

மன்றத்தில் எழுந்த குரல்

பெயர்களின் ஆற்றலை நம்மவரும் ஒருகால் கசப்புடன் உணர்ந்தனர். 1891ஆம் ஆண்டில் பதினாயிரத்திற்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட ‘மலையாளி மெமோரியல்’ மன்னரிடம் அளிக்கப்பட்டது. உயர் பதவிகளை வெளிநாட்டார், குறிப்பாகத் தமிழ்ப் பிராமணர், கைப்பற்றிக்கொண்டனர் என்பது அதன் முறையீடு. அந்நாளில் அவர்களைக் குறிக்க வழங்கிய சொல் ‘பரதேசி’ என்பது. மலையாளத்தில் அது வேற்று நாட்டிலிருந்து வந்தவரைக் குறிக்கும். தமிழ்ச் செவிக்கோ ஆண்டியும் இரவலனும் நினைவுக்கு வருவர். அம்முறையீட்டில் நியாயம் இருந்தது. உள்நாட்டுக் கற்றோர் புறக்கணிக்கப்பட்டமை உண்மை. எனினும் ஒரு தலைமுறைக்கு முன் விருந்தினராக இருந்தவர் ஒரு சொல்லால் அயலாராக மாறினார் என்பதை நாம் மறத்தலாகாது. பெயரிடப்படுபவரின் நிலை என்ன என்பதை நம் முன்னோர் அறிந்தனர். ஆதலின் பிறருக்குப் பெயரிடுகையில் நமக்கு எச்சரிக்கை மிகுதியாக வேண்டும்.

இனி, பாளையத்தில் உள்ள அய்யன்காளி மண்டபத்தை யாவரும் அறிவீர்கள். 2019ஆம் ஆண்டுவரை விக்டோரியா ஜூபிலி நகர மண்டபம் என்று வழங்கிய கட்டடம் அது. ஸ்ரீமூலம் பிரஜா சபையின் முதற்கூட்டம் 1904ஆம் ஆண்டில் அம்மண்டபத்திலேயே நடைபெற்றது. புலையர் குலத்திற் பிறந்த அய்யன்காளி 1907ஆம் ஆண்டில் ‘சாது ஜன பரிபாலன சங்க’த்தை நிறுவினார்; 1911ஆம் ஆண்டில் அச்சபையின் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். தம் மக்களுக்குக் குடியிருக்க நிலம் வேண்டும், பள்ளியில் இடம் வேண்டும், கட்டணத்தில் சலுகை வேண்டும் என்று அவர் சபையில் எடுத்துரைத்தார்.

அந்நாளைய சபையில் இவை மன்னரின் கருணையை வேண்டும் விண்ணப்பங்களாகவே பேசப்பட்டன. சங்கத்தின் பெயரிலும் ‘சாது’ என்றும் ‘பரிபாலனம்’ என்றும் அடக்கமான சொற்களே இருந்தன. ஆனால் மன்றத்திற்கு வெளியே அம்மக்கள் பேசிய மொழி வேறு. தங்கள் பிள்ளைகளைப் பள்ளியிற் சேர்க்காவிடின் வயலில் இறங்கமாட்டோம் என்று அவர்கள் வேலையை நிறுத்தினர். ‘எங்கள் உழைப்பு நாட்டிற்கு வேண்டுமாயின் நாட்டின் பள்ளியும் எங்களுடையதே’ என்பதன்றோ அதன் பொருள்? வாயில் விண்ணப்பமும் கையில் உரிமையுமாக அவர்கள் நின்றனர். ஊட்டுப்புரையில் உண்டவருக்குப் பெயர் ‘தகுதியுடையவர்’. தம் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கேட்டவருக்குப் பெயர் ‘மனுதாரர்’. ஒரே நாடு, ஒரே கருவூலம், ஒரே காலம். பெயர் மட்டும் வேறு.

மலையாளத்தில் உரிமையை ‘அவகாசம்’ என்பர். தமிழிலோ அவகாசம் என்றால் தவணை, கால இடைவெளி. தலைமைச் செயலகத்தின் முன் ஊர்வலமாக வருவோர் ‘ஔதார்யமல்ல, அவகாசமாணு’ என்று முழங்குவதை நாம் கேட்டிருக்கிறோம்; ‘கொடையன்று, உரிமை’ என்பது பொருள். புதிதாக இங்கு வந்த நம் உறவினர் ஒருவர், “தவணை கேட்கிறார்கள் போலும்” என்று எண்ணிக்கொண்டார்! நகைப்புக்குரிய பிழை எனினும் அதிலும் ஓர் உண்மை உண்டு. உரிமை என்று அறிவிக்கப்பட்டது கைக்கு வந்து சேரும்வரை ஏழைக்குத் தவணையாகவே நிற்கின்றது.

பள்ளிப் பிள்ளையின் இலை

பெயர் மாறியதனால் பார்வை மாறிய வரலாற்றை நம் தாயகமாகிய தமிழகத்தில் இன்னும் தெளிவாகக் காணலாம். சென்னை மாநகராட்சி 1920ஆம் ஆண்டில், சர் பிட்டி தியாகராய செட்டியார் தலைமையில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி அளிக்கத் தொடங்கியது. முதலமைச்சர் காமராசர் 1956ஆம் ஆண்டில் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அதனை நடைமுறைப்படுத்தினார். அத்திட்டத்திற்கு ஊர் மக்கள் அரிசியும் காயும் பணமும் திரட்டித் தந்தனர். ‘மதிய உணவு’ என்னும் பெயரில் ஏழ்மையைச் சுட்டும் சொல் ஏதும் இல்லை. பொழுது மட்டுமே உள்ளது.

1982 ஜூலை 1 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அதனை விரிவாக்கிச் ‘சத்துணவு’ என்று பெயரிட்டார். கருவூலம் தாங்குமா, இது வாக்கு வேட்டை அன்றோ என்ற கண்டனங்கள் அந்நாளில் எழுந்தன. ஆயினும் ‘சத்து’ என்னும் சொல் உடல் நலத்தைப் பற்றிய பேச்சை முன்னே கொணர்ந்தது. பசிக்கு இடும் சோறு என்னும் எண்ணம் பின்னே சென்றது. 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் சமைத்த மதிய உணவு அளிக்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதனைச் சட்டப்படியான உரிமை ஆக்கியது. தருமமாகத் தொடங்கிய சோறு, உணவாகி, சத்தாகி, உரிமையாகியது. அரிசி என்னவோ அதே அரிசிதான்.

இலவசமும் விலையில்லாததும்

பிள்ளைகளின் சோற்றுக்குக் கிடைத்த இந்த மதிப்பு, பெரியவர்களுக்கு அளிக்கப்பட்ட பொருள்களுக்கு எளிதில் கிட்டவில்லை. 2006ஆம் ஆண்டுத் தேர்தலில் தி.மு.க. ‘இலவச’ வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி தருவதாக வாக்களித்து, ஆட்சிக்கு வந்தபின் வழங்கியது. 2011ஆம் ஆண்டில் ஆட்சி அமைத்த முதலமைச்சர் ஜெயலலிதா அவர்களின் அரசு அச்சொல்லையே கைவிட்டு ‘விலையில்லா’ என்னும் சொல்லைக் கொண்டது. விலையில்லா அரிசி, விலையில்லா மடிக்கணினி, விலையில்லா மிதிவண்டி என்று அரசாணைகளிலும் பைகளிலும் அச்சொல் இடம்பெற்றது. விலை கொடுக்க வேண்டாதது என்பது ஒரு பொருள். விலை மதிக்க இயலாதது என்பது மற்றொரு பொருள். சொல்லைத் தேர்ந்தவர் இரண்டையும் எண்ணியே தேர்ந்தார் போலும்.

இவ்வாக்குறுதிகள் முறையற்றவை என்று தொடரப்பட்ட சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில் 2013ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் அறிக்கையில் இவற்றை வாக்களிப்பது சட்டப்படி இலஞ்சமாகாது எனக் கூறிய நீதிமன்றம், அவை தேர்தலின் நேர்மையைப் பாதிக்கின்றன என்றும் எடுத்துரைத்து, நெறிமுறை வகுக்குமாறு தேர்தல் ஆணையத்தைப் பணித்தது. 2022 ஜூலை மாதத்தில் உத்தரப் பிரதேசத்தில் நெடுஞ்சாலைத் திறப்பு விழா ஒன்றில் பேசிய பிரதமர் நரேந்திர மோதி, வாக்குக்காக இலவசம் வழங்கும் வழக்கத்தை ‘ரேவடி’ என்னும் சொல்லாற் கண்டித்தார். ரேவடி என்பது எள்ளும் வெல்லமும் சேர்த்துச் செய்யும் வடநாட்டு மிட்டாய். ஒரே சொல்லில், கொடுப்பவர் மிட்டாய் வீசுபவராகவும் பெறுபவர் மிட்டாய்க்கு ஓடும் சிறுவராகவும் ஆகிவிட்டனர்.

அடுத்த ஆண்டே, 2023 செப்டம்பர் 15 அன்று, தமிழக அரசு ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டத்தைக் காஞ்சிபுரத்தில் தொடங்கிற்று. அதற்குச் சூட்டிய பெயர் ‘மகளிர் உரிமைத் தொகை’. ‘உதவித் தொகை’ என்பது நெடுங்காலமாக வழங்கி வந்த சொல். உதவி என்பதை எடுத்து உரிமை என்பதை வைத்தபோது, வீட்டில் ஊதியமின்றி உழைக்கும் பெண்ணுக்குச் சேர வேண்டியது என்னும் பொருள் உண்டாயிற்று. ஒரு சாரார் ‘ரேவடி’ என்றனர். மற்றொரு சாரார் ‘உரிமை’ என்றனர். இரு சாராருமே இச்சொற்களை நன்கு எண்ணித் தேர்ந்தவர்கள் என்பதில் ஐயமில்லை.

நம் கேரளத்திலோ விலையின்றிக் கிடைப்பதைச் ‘சௌஜன்யம்’ என்பர். நற்குணம், அன்புடைமை என்பது அவ்வடசொல்லின் பழம்பொருள். 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் மஞ்சள், இளஞ்சிவப்பு, நீலம், வெள்ளை என்ற நிற வேறுபாடின்றி எல்லாக் குடும்ப அட்டைகளுக்கும் உணவுப் பொருட் பைகள் வழங்கப்பட்டன. வெள்ளை அட்டை வைத்திருந்த நம்முட் பலரும் பை ஏந்தி நின்றோம், எவரும் நாணவில்லை. எல்லாரும் பெறும்போது சொல்லுக்கு நஞ்சு இல்லை. ஒரு சிலர் மட்டும் பெறும்போதே சொல் அவர்களைச் சுடுகின்றது.

பென்ஷன் என்னும் சொல்

திருவனந்தபுரம் ஓய்வூதியர்களின் நகரம். ஓய்வூதியம் பெறுபவர் இல்லாத தெரு இந்நகரில் அரிது. ஆயினும் அரசு ஊழியரின் ஓய்வூதியமே ஒரு காலத்தில் ஆள்வோரின் கருணைக் கொடையாகக் கருதப்பட்டது என்பதை இளைஞர் அறியமாட்டார். 1971ஆம் ஆண்டில் தேவகிநந்தன் பிரசாத் வழக்கிலும், 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கிலும் உச்ச நீதிமன்றம், ஓய்வூதியம் கொடையன்று, உரிமை என்று தெளிவுபடுத்திற்று. அந்த டிசம்பர் 17ஆம் நாளை ஓய்வூதியர் நாளாக நம் சங்கத்துப் பெரியவர்கள் கொண்டாடுவதை நாம் அறிவோம்.

அத்தகைய மதிப்பு வாய்ந்த சொல்லை, 1980ஆம் ஆண்டில் முதலமைச்சர் ஈ. கே. நாயனார் அவர்களின் அரசு வயலுக்குக் கொண்டு சென்றது. முதிய விவசாயத் தொழிலாளருக்கு மாதம் 45 ரூபாய் அளிக்கும் திட்டத்திற்கு ‘விவசாயத் தொழிலாளர் பென்ஷன்’ என்று பெயரிட்டது. தொகை சிறிது; சொல் பெரிது. அலுவலகத்தில் எழுதுகோல் பிடித்தவருக்கு மட்டும் உரியதாக இருந்த சொல், மண்வெட்டி பிடித்தவருக்கும் உரியதாயிற்று. நாற்பது ஆண்டு உழைத்தவர் பெறும் ஊதியத்தின் மிச்சம் என்னும் பொருள் அதில் ஏறியது. பின்னர்க் கைம்பெண்கள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கான தொகைகளும் அதே பெயரின் கீழ் வந்தன. மாதம் 1,600 ரூபாயாக இருந்த அத்தொகை 2025 நவம்பரில் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

ஆயினும் பெயர் ஒன்றே போதாது என்பதற்கும் கேரளமே சான்று. இடையில் சில மாதங்கள் இத்தொகை நிலுவையில் நின்றபோது வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. 2024ஆம் ஆண்டில் அரசு அங்கு அளித்த பதிலில், நலத் தொகைகள் சட்டப்படியான உரிமையல்ல, அரசு வழங்கும் உதவியே என்று கூறப்பட்டது. மேடையில் அவகாசமாக இருந்தது நீதிமன்றத்தில் சகாயமாயிற்று. எந்தக் கட்சியையும் குறை கூற இதனை எழுதவில்லை; பணமுடை வரும்போது எவ்வரசும் பெரிய சொல்லிலிருந்து சிறிய சொல்லுக்கு இறங்கக் கூடும் என்பதை உணர்த்தவே எழுதுகிறேன்.

கடல் கடந்த சான்று

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1834ஆம் ஆண்டின் வறியோர் சட்டத்தின்கீழ் உதவி பெற்றவர்கள் ‘பாப்பர்’ என்று இகழப்பட்டனர். அவ்வுதவி பெற்றவருக்கு வாக்குரிமையும் இல்லாமற் போயிற்று. 1908ஆம் ஆண்டில் எழுபது வயதைக் கடந்த வறியவர்களுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை ஓய்வூதியம் அளிக்கும் சட்டம் இயற்றப்பட்டபோது, அதைப் பெறுவதனால் வாக்குரிமை பறிபோகாது என்று அச்சட்டத்திலேயே எழுதிவைத்தனர். 1909 சனவரி முதல் நாள், வறியோர் விடுதியின் வாயிலுக்குச் செல்லாமல் அஞ்சலகத்திற்குச் சென்று முதியோர் பணம் பெற்றனர். பெயரும் வாயிலும் மாறியதனால் அது இரவற் பணம் என்னும் இழிவு நீங்கிற்று.

அமெரிக்காவிலோ எதிர்மாறான திசையில் நிகழ்ந்தது. ‘வெல்ஃபேர்’ என்பது நலம் என்னும் பொருளுடைய இனிய சொல். 1976ஆம் ஆண்டுத் தேர்தற் பிரசாரத்தில் ரொனால்டு ரீகன், பல பெயர்களில் உதவித் தொகை பெற்றுச் செல்வச் செழிப்பில் வாழ்ந்த சிகாகோ நகரப் பெண் ஒருத்தியின் கதையை ஊர்தோறும் கூறினார். ஒருத்தியின் குற்றம் எண்ணற்ற ஏழைத் தாய்மாரின் முகமாக மாறிற்று. 1980களின் நடுவில் அந்நாட்டில் எடுக்கப்பட்ட பொதுச் சமூகக் கருத்தாய்வில், ‘ஏழைகளுக்கு உதவி’ என்று கேட்டபோது அதற்குச் செலவிடுவது போதாது என்றோர் ஏறத்தாழ மூன்றில் இருவர். ‘வெல்ஃபேர்’ என்று கேட்டபோது அவ்வாறு கூறியோர் ஏறத்தாழ நான்கில் ஒருவரே. உதவி ஒன்றுதான், சொல்லை மாற்றியவுடன் மக்களின் இரக்கமும் மாறிவிட்டது.

காலனி என்னும் பெயர்

மீண்டும் நம் வாயிலுக்கே வருவோம். நாம் வாழும் இடத்தைக் காலனி என்று மகிழ்ச்சியுடன் கூறிக்கொள்கிறோம். இதே நகரில் அதே சொல் வேறு சிலரைச் சுட்டது. 1972ஆம் ஆண்டில் அச்சுத மேனன் அவர்களின் அமைச்சரவையில் வீட்டுவசதி அமைச்சராக இருந்த எம். என். கோவிந்தன் நாயர் அவர்கள் வீடற்றோருக்காக ‘லட்சம் வீடு’ திட்டத்தைத் தொடங்கினார். பெருமைக்குரிய திட்டம். ஆனால் காலப்போக்கில் ‘லட்சம் வீடு காலனி’ என்பது இழிவுச் சொல்லாகப் பேசப்படலாயிற்று. பட்டியல் சாதி மக்களின் குடியிருப்புகளுக்கும் அச்சொல் அடையாளக் குறியாயிற்று. 2024 ஜூன் 18 அன்று, பதவி விலகும் நாளில், அமைச்சர் கே. ராதாகிருஷ்ணன் அவர்கள் அக்குடியிருப்புகளுக்குக் காலனி என்னும் பெயரை நீக்கி ‘நகர்’ முதலிய பெயர்களை வழங்குமாறு ஆணை பிறப்பித்தார். தமிழக முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அவர்களும் 2025 ஏப்ரலில் அரசு ஆவணங்களிலிருந்து அச்சொல் நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். நம் வாயில் தேனாக இருந்த சொல் அண்டை வீட்டாரின் செவியில் முள்ளாக இருந்ததை நம்முள் எத்தனை பேர் அறிந்திருந்தோம்?

நாம் கேட்க வேண்டுவன

அவ்வாறாயின் அரசு தருவன அனைத்தும் உரிமையே, கேள்வி கேட்கலாகாது என்று கூறுகிறேனா? இல்லை. தேர்தல் நெருங்கும்போது பொருள்களை அள்ளி வீசும் வழக்கம் ஆராய்தற்கு உரியது. மாநிலங்களின் கடன் சுமை உண்மையானது. ‘உரிமை’ என்னும் பெயரைச் சூட்டி ஒரு தேர்தற் பரிசைக் கேள்விக்கு அப்பாற்பட்டதாக ஆக்குவதும் சொல்லின் சூழ்ச்சியே. ‘இலவசம்’ என்று ஏளனம் செய்து பசித்தவனின் சோற்றைத் தட்டிப் பறிப்பதும் சொல்லின் சூழ்ச்சியே. ஆதலின் பெயரைக் கண்டு மயங்காமலும் வெகுளாமலும் நாம் கேட்க வேண்டியவை மூன்று. இதனைப் பெறுபவர் யார், ஏன் அவர்? இதற்குரிய பணம் எங்கிருந்து வருகிறது, எதைக் குறைத்து வருகிறது? பத்து ஆண்டுகள் கழித்து இதனால் எஞ்சுவது என்ன? ஊட்டுப்புரையிடம் இம்மூன்று வினாக்களையும் எவரும் நெடுங்காலம் கேட்கவில்லை. ‘தருமம்’ என்னும் சொல் வாயை அடைத்தது. பள்ளிச் சோற்றிடம் எல்லாரும் கேட்டனர். அது விடை கூறி வென்றது.

திருவள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரமும் ஒப்புரவுக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுத்தார், அடுத்தடுத்தே வைத்தார். ஈகை, இல்லாதவன் கையில் இடுவது. ஒப்புரவோ ஊர் நடுவில் நிறைந்த நீர்நிலை போன்றது. அந்நீரை முகந்து செல்லும் பெண்ணை இரவலர் என்று எவரும் கூறுவதில்லை. அதனை வெட்டியவர்களுள் அவளுடைய பாட்டனாரும் ஒருவர். இன்றைய அரசின் நலத்திட்டங்களை எந்த அதிகாரத்தில் வைத்து எண்ணுவது என்பதே நம் முன்னுள்ள வினா. வரி செலுத்தாதவர் இந்நாட்டில் எவரும் இல்லர். தீப்பெட்டி வாங்குபவரும் வரி செலுத்துகிறார்.

இவற்றையெல்லாம் சுருக்கி, சில நாட்களுக்கு முன் அம்மூதாட்டியாரிடம் கூறினேன். பாட்டனார் உண்ட ஊட்டும் இத்தொகையும் ஒரே கருவூலத்துப் பணம் என்றேன். அவருடைய கணவர் நாற்பது ஆண்டுகள் கணக்கெழுதிய கடைகள் செலுத்திய வரியும் அதில் உண்டு என்றேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பின்னர், “அரசாங்கத் தாளில் அதற்கு என்ன பெயர் போட்டிருக்கிறது?” என்று கேட்டார். “பென்ஷன் என்றே போட்டிருக்கிறது, அம்மா” என்றேன். “அப்படியானால் அந்தத் தாளை ஒருநாள் கொண்டுவா; படித்துப் பார்க்கிறேன்” என்றார்.

நம் குடியிருப்பிலும் அண்டைத் தெருக்களிலும் இவரைப் போன்றோர் இன்னும் சிலர் இருத்தல் கூடும். ஒரு சொல்லுக்கு நாணி, தமக்கு உரியதை விட்டு நிற்பவர்கள் அவர்கள். அவர்களைத் தேடிச் சென்று தாளை நிரப்பித் தருவது நம் சங்கத்து இளைஞர்கள் இவ்வாண்டு மேற்கொள்ளத்தக்க பணியாகும். அத்துடன், பை ஏந்தி வரிசையில் நிற்கும் அயலாரைக் குறித்து நாம் சொல்லும் சொல்லையும் ஒருமுறை எண்ணிச் சொல்வோமாக.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!